1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு: வீட்டிலேயே மீட்டெடுக்க எதில் தொடங்குவது?

போர்ட்டிகோ948:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு, 948 சிசி. பல வருடமாக ஷெட்டில் நின்றது. இப்போதைய நிலை இது: தள்ளினால் மூன்று சக்கரம் சுற்றுகிறது, பின் இடது சக்கரம் பிடித்திருக்கிறது. இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, ஃபேனைப் பிடித்து ஆட்டினால் அசையவில்லை. பிரேக் பெடல் நேராகத் தரைக்குப் போகிறது. டிரைவர் பக்க ஃப்ளோரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. டிரைவர் கதவைத் திறந்தால் தொங்குகிறது, தூக்கித்தான் சாத்த வேண்டும். ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கவில்லை.

கைவசம் 8 முதல் 24 வரை ஸ்பானர் செட், சின்ன மிக் வெல்டிங் மெஷின், 1 எச்.பி. கம்ப்ரஸர், போர்ட்டிகோவில் ஒரு கார் நிற்கும் இடம். பாடியை மொத்தமாகத் தூக்கி வைத்துவிட்டு, சேசிஸை மணல் அடித்து (சாண்ட் பிளாஸ்ட்), பெயின்ட் செய்து, பிறகு இன்ஜினுக்கு வரலாம் என்று திட்டம். இந்த வரிசை சரியா? முன் சக்கர ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் அடித்து விட்டால் போதுமா, பிரிக்க வேண்டுமா?

பழைய_சேசிஸ்:

வரிசையை மாற்றுங்கள் சார். ஹெரால்டில் பாடியைத் தூக்குவது சுலபம். பாடி இரண்டு துண்டு: முன்னால் பல்க்ஹெட் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்ப் பகுதி), பின்னால் டப் (சீட்டும் டிக்கியும் உள்ள தொட்டிப் பகுதி). கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. போல்ட் கழன்றால் பின் டப்பை நாலு பேர் தூக்கிவிடலாம். சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் முதல் நாளே தூக்கிவிடுகிறார்கள். துருப்பிடித்த டப்பைச் சேசிஸிலிருந்து எடுத்தால் அது தன் வடிவத்தை இழந்துவிடும். திரும்ப வைக்கும்போது கதவு எந்தப் பக்கமும் பொருந்தாது.

எனவே முதலில் அளவு. நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது, இரண்டு கதவையும் சுற்றியுள்ள இடைவெளியை மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதுங்கள். அடுத்து கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்தது கீல் பின். கீல் கெட்டியாக இருந்தும் கதவு தொங்கினால், அந்தப் பக்க அவுட்ரிகருக்கு (சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கை) அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இடைவெளி மாறினால் கோளாறு அவுட்ரிகரிலோ, பாடி மவுன்டிலோ இருக்கிறது. பக்கவாட்டு சில் தகட்டை மாற்றினால் கதவு நிமிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹெரால்டில் சில் வெறும் போல்ட் போட்ட மூடிதான், பாரம் தாங்குவதில்லை.

சேசிஸின் நடுவில் இரண்டு பெட்டி ரெயில், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள், அவுட்ரிகர் நுனிகளை இணைக்கும் பக்க ரெயில். துரு பொதுவாக வெளியிலிருந்து உள்ளே வரும்: பக்க ரெயில், அவுட்ரிகர், டிக்கிக்கு அடியில் உள்ள அவுட்ரிகர், கடைசியாக நடு ரெயில். டிஃபரன்ஷியல் மவுன்டைச் சுற்றியும் பல்க்ஹெட் உட்காரும் இடத்திலும் கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்னும், செத்த தகடு சத்தம் அடங்கிப் போகும். நடு ரெயில் நன்றாக இருந்தால் பாடியைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவுட்ரிகரை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வெட்டுங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து முட்டுக் கொடுங்கள். சேசிஸ் துண்டுகளுக்கு 16 கேஜ் (1.6 மி.மீ), ஃப்ளோருக்கு 18 கேஜ் (1.2 மி.மீ) போதும். மிக்கில் 0.8 கம்பி போட்டு, அரை இஞ்ச் டேக் (குட்டி வெல்ட்), அடுத்த டேக் தூரத்தில், ஆற விட்டு மறுபடி. ஒரே இழுப்பில் தைத்தால் ரெயில் வெல்ட் பக்கமாக வளையும். வேலைக்கு முன்னும் பின்னும் குறுக்களவு எடுங்கள்: இரு பக்கமும் சமமாக உள்ள நான்கு மவுன்ட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டுக்கும் 3 மி.மீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேற்கொண்டு வெல்டிங் வேண்டாம், முதலில் அது ஏன் என்று பாருங்கள்.

பாடி மவுன்டில் உள்ள ரப்பர், ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) எதையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பை, தனி எண். கதவு இடைவெளியைச் சரிசெய்வது அந்த ஷிம்கள்தான்.

மணல் அடிப்பது சேசிஸுக்கு நல்லது. பானட்டுக்கும் கதவுக்கும் வேண்டாம், தகடு அலை அலையாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் ஸ்பானர் செட். இந்த வண்டி முழுக்க யு.என்.எஃப். (இஞ்ச் அளவு) மரை, ஏ.எஃப். அளவு, அதாவது நட்டின் எதிரெதிர் தட்டை முகங்களுக்கு இடையே இஞ்சில் அளப்பது. அரை இஞ்ச் நட்டு 12.7 மி.மீ. 13 நம்பர் ஸ்பானர் உட்காருவது போல் இருக்கும், துருப்பிடித்த நட்டில் பலமாகத் திருப்பியதும் முனை மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஏ.எஃப். ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் முதலில் வாங்குங்கள்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்க்தான் வெடிக்கும்.

லேத்_பக்கம்:

இன்ஜின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இறுகின இன்ஜினுக்கு செல்ஃப் கொடுக்க வேண்டாம், வண்டியைக் கட்டி இழுக்கவும் வேண்டாம். முதலில் வால்வ் கவரைக் கழற்றி ராக்கர் ஷாஃப்ட்டை எடுங்க. வால்வ் கைடில் ஒட்டியிருந்தால், கிராங்க் சுற்றும்போது புஷ்ராடு வளையும். ராக்கர் இல்லாவிட்டால் அந்தப் பயம் இல்லை. பிளக் நாலையும் எடுத்து, ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதி டீசல் பாதி கலந்து, சிலிண்டருக்கு 30 மி.லி. ஊற்றி ஒரு வாரம் விடுங்க. இடையில் இறங்கிப்போனால் மறுபடி ஊற்றணும். பின் இடது சக்கரப் பிடிப்பை விடுவித்த பிறகு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்க. ஒரு இஞ்ச் அசைந்தால் போதும், தொடர்ந்து ஆட்டினால் விடும். ரெண்டு வாரத்தில் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே மேல். உள்ளே தண்ணீர் இறங்கி போரில் (சிலிண்டர் துளை) துருக்கோடு விழுந்திருந்தால், எப்படியும் ரீபோர்தான், அதாவது போரைப் பெரிதாகக் கடைவது. அப்போது வலுக்கட்டாயமாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் உடைந்து, போரில் கீறல் ஆழமாகி, ஒரு சைஸில் முடிய வேண்டியது இரண்டு சைஸ் போகும்.

சுற்ற ஆரம்பித்தவுடன் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கிராங்க் எண்ட் ஃப்ளோட், அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகரும் ஆட்டம். இந்த ட்ரையம்ஃப் (ஹெரால்டின் இங்கிலாந்து மூலக் கம்பெனி) வம்ச இன்ஜினோட பெரிய பலவீனம் இதுதான். பின் மெயின் பேரிங்கில் ரெண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் உண்டு. கிளட்ச் அமுக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுவதால் ஒன்று தேயும். ஓரளவுக்கு மேல் தேய்ந்தால் காடியிலிருந்து நழுவி சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழும். அதற்கு அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கில் உராயும், ரெண்டும் போச்சு. ஒரு சின்னச் சாமானுக்காக ஒரு பிளாக்கை இழப்பது அநியாயம்.

சோதனை: முன் புல்லி முகத்தில் டயல் கேஜ் வைத்து, ஒருவர் கிளட்சை அமுக்கி விடணும். 0.10 முதல் 0.15 மி.மீ. (4 முதல் 6 தவ், ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சரியான அளவு. 0.20-ஐத் தாண்டினால் வாஷர் மாற்றணும். டயல் இல்லை, ஆனால் புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்கே தெரிகிறது என்றால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இன்ஜினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, வாஷரைச் சுற்றித் தள்ளி வெளியே எடுக்கலாம். புதுசு போடும்போது எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்கணும். மாற்றிப் போட்டவர்கள் நிறைய. சாதாரண சைஸ் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் 5 தவ் கூடுதல் தடிமன் உள்ளது வாங்கலாம்.

முழு ஓவர்ஹால் என்றால்: பேரிங் செட்டும் பிஸ்டன் செட்டும் கைக்கு வந்த பிறகுதான் கிரைண்டிங்குக்கும் ரீபோருக்கும் கொடுக்கணும். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. முதலில் 20 தவ் அறுத்துவிட்டு, கடையில் 30 தவ் பேரிங்தான் இருக்கிறது என்றால் மறுபடி லேத். ஹெட் வெளியே வரும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் அடித்துவிடுங்க. 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. இந்த வார்ப்பிரும்பு ஹெட் ஈயத்தை நம்பிச் செய்தது. தினசரி நீண்ட தூரம் ஓடினால் சீட் உள்ளே இறங்கும். அதன் அறிகுறி, டேப்பெட் கேப் (வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே வருவது.

டேப்பெட் கேப் 10 தவ், ஆறின இன்ஜினில். எந்த வால்வ் முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-ல் கழித்தால் வருவதை செட் செய்யணும்: 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. ஹெட் நட்டு 42 முதல் 46 பவுண்டு-அடி, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. சூடேறி ஆறின பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துவிட்டு, டேப்பெட்டைத் திரும்பப் பார்க்கணும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். பாயின்ட் 15 தவ், பிளக் 25 தவ்.

கியர்பாக்ஸுக்கு மட்டும் வேலை இருந்தால் இன்ஜினைத் தூக்க வேண்டாம். முன் சீட்டையும் நடு டனல் மூடியையும் எடுத்தால் கியர்பாக்ஸ் வண்டிக்குள் வழியாகவே வெளியே வரும்.

முன்_அச்சு:

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். பிரித்துப் பார்க்காமல் வண்டியை ஓட்டவும் ஓட்டாதீர்கள்.

ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றும் கீழே ஒரு வெண்கல ட்ரன்னியனில் திருகப்பட்ட இரும்பு வெர்டிகல் லிங்க்கில் நிற்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போது அந்த மரைக்குள்தான் திரும்புகிறது. அங்கே போக வேண்டியது 90 நம்பர் ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. கொஞ்ச நாளில் மெழுகாக இறுகும், மேலிருந்து இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கும். லிங்க்கின் மரை துருவேறி, மரை தொடங்கும் இடத்தில் விரிசல் விட்டு, ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உடையும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். நிப்பிள் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால் பட்டறைகளில் கிரீஸ் கன்னை வைத்துவிடுகிறார்கள். அதே கன்னில் கிரீஸைத் துடைத்தெடுத்து ஆயில் நிரப்பி அடிக்கலாம். மேல் சீலிலிருந்து ஆயில் கசியும் வரை அடியுங்கள்.

பிரிக்கும்போது கவனிக்க: இடது, வலது ட்ரன்னியன்கள் ஒன்றல்ல, மரை எதிரெதிர். லிங்க்கைக் கழுவி, மரைக்கு மேலே உள்ள பகுதியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாய ஸ்ப்ரே வெல்டிங் கடைகளில் கிடைக்கும், அதை அடித்துப் பார்ப்பது நல்லது. குழி விழுந்த லிங்க்கை மெருகேற்றி மீண்டும் போடாதீர்கள். பொருத்தும்போது ட்ரன்னியனை முழுதாக உள்ளே திருகி, பிறகு விஷ்போன் (கீழ் சஸ்பென்ஷன் கை) போல்ட்டுக்கு நேராக வரும் வரை பின்னால் திருப்ப வேண்டும். அது ஒரு சுற்றைத் தாண்டக் கூடாது. முழுதாகத் திருகிய நிலையிலேயே விட்டால் ஒரு பக்க முழு ஒடிப்பில் மரை முட்டி, லிங்க் மீது தேவையில்லாத பாரம் ஏறும்.

பின் சக்கர ஹப்: பேரிங் மாற்ற வேண்டி வந்தால், அரை ஷாஃப்ட்டின் கூம்பில் ஹப் மிகக் கெட்டியாக இருக்கும். இரண்டு கால் புல்லரோ, சுத்தியலோ வைத்தால் ஹப் ஃப்ளாஞ்ச் வளையும். சக்கர ஸ்டட்கள் எல்லாவற்றையும் பிடிக்கும் தடித்த பிளேட் புல்லர் லேத்தில் செய்து வாங்குங்கள். மைய போல்ட்டை இறுக்கி, போல்ட் தலையில் ஒரு அடி. விடவில்லை என்றால் ராத்திரி முழுக்க அந்த இறுக்கத்திலேயே விட்டுவிட்டு, காலையில் ஹப்பை லேசாகச் சூடாக்கி மறுபடி அடியுங்கள். புல்லருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், விடும்போது பாய்ந்து வரும்.

உங்கள் பின் இடது சக்கரம் பிடித்திருப்பதற்கு ஹப் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பின் வீல் சிலிண்டர் பேக் பிளேட்டின் காடியில் வழுக்கி நகரும் வகை. அது துருவில் ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மட்டும் டிரம்மோடு ஒட்டி நிற்கும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுதாகப் பின்னால் திருப்பி, டிரம்மைச் சுற்றிலும் தட்டுங்கள்.

போர்ட்டிகோ948:

மிக்க நன்றி. பாடியைத் தூக்கும் எண்ணத்தை விட்டாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம். வயரிங் பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில்) இருக்கிறது, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாமா? இப்போதைய பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஒத்துவருமா? ஆர்.சி.யை என்ன செய்வது?

டைனமோ_சி40:

பாசிட்டிவ் எர்த்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. எலக்ட்ரானிக் இக்னிஷனோ, எல்.இ.டி. பல்போ, போன் சார்ஜரோ போடப் போவதில்லை என்றால் அப்படியே விடுங்கள். மாற்றுவதாக இருந்தாலும் அரை மணி நேர வேலைதான். பேட்டரி வயரை மாற்றிப் போட்டு, காயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவின் சின்ன முனையிலிருந்து (எஃப்) வயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு தனி வயர் எடுத்து அந்த முனையில் சில விநாடி தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும். டைனமோவின் காந்தம் புதுத் திசைக்கு மாறிவிடும். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ எதிர்த் திசையில் சார்ஜ் செய்யப் பார்த்து கட்டவுட் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பாயின்ட் வெந்துவிடும். கட்டவுட் பெட்டியில் ஏ, டி, இ, எஃப் முனைகளில் கை வைக்கத் தேவையில்லை.

முக்கியமானது வேறு. அந்தக் கால ஹெரால்டில் ஃப்யூஸ் என்பதே கிட்டத்தட்ட கிடையாது. துணி சுற்றிய வயர் காய்ந்து உதிர்ந்திருக்கும், பல்க்ஹெட் ஓட்டையில் ரப்பர் குரோமெட் போயிருக்கும். பேட்டரி கொடுக்கும் முன் பழைய ஹார்னெஸ் (வயர் கட்டு) முழுவதையும் மாற்றுங்கள். ஹெட்லைட், ஹார்ன், உள் விளக்கு மூன்றுக்கும் தனித்தனி ஃப்யூஸ் போடுங்கள். பானட் முழுதாக முன்னால் கவிழும் வண்டி, விளக்கு வயர்கள் ஒவ்வொரு திறப்பிலும் மடங்கும். அந்த இடத்தில் ஒரு பிடி அளவு வயர் தாராளமாக விடணும். விளக்குகளுக்கு எர்த் துருப்பிடித்த கீல் வழியாகப் போவதால்தான் ஹெட்லைட் மங்கலாக எரியும். தனி எர்த் வயர் இழுத்துவிடுங்கள்.

பழைய_சேசிஸ்:

எர்த் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 50 வருடம் தாண்டிய வண்டி, எதிர்காலத்தில் யார் கைக்குப் போகுமோ, யாராவது ஜம்பர் கேபிள் போட வருவார்கள். அப்போது இக்காலப் பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் கொடுப்பார்கள். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், எது எர்த் என்று பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பெயின்ட்: டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்ட்டை போர்ட்டிகோவில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. சாதாரண முகக்கவசம் தடுக்காது, வெளிக்காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க் வேண்டும். 1 எச்.பி. கம்ப்ரஸர் காற்றும் அதற்குப் போதாது. வீட்டில் எபாக்ஸி பிரைமர் வரை பிரஷ்ஷில் செய்துகொண்டு, கடைசிக் கோட்டை பூத் உள்ள இடத்தில் கொடுங்கள். பட்டி பார்ப்பதை எபாக்ஸி பிரைமருக்கு மேல்தான் செய்ய வேண்டும். வெறும் தகட்டில் பட்டி போட்டால் நம்ம கடற்கரை ஈரத்தில் இரண்டு மழைக்குள் கொப்பளம் வரும். பெட்டி ரெயிலுக்குள் துரு மாற்றும் ஆசிட் ஊற்றாதீர்கள். உள்ளே தங்கி வெல்டைத் தின்னும். உள்ளே மெழுகு ஸ்ப்ரே மட்டும்.

கார்ப்_கிட்:

பெட்ரோல்: இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. இன்ஜின் ஓடும். தாங்காதது பழைய ரப்பர். ஏ.சி. (கம்பெனிப் பெயர்) பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட், ஹோஸ் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஹோஸ் மீது ஆர்9 என்று அச்சடித்திருக்க வேண்டும். 'பெட்ரோல் ஹோஸ்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஒரு வருடத்தில் உள்பக்கம் உரிந்து ஜெட்டை அடைக்கும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலியும். பிளக் வெள்ளையாக இருந்து, வேகம் பிடிக்கும்போது திக்கினால் மெயின் ஜெட் ஒரு சைஸ் கூட்டலாம். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு கிண்ணத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் போரில் நகத்தில் சிக்கும் அளவு குழி இருந்தால் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்து அதே அளவுக்குக் கொண்டுவரலாம், லேத்தில் செய்வார்கள். பைப் 3/16 இஞ்ச் (4.75 மி.மீ.), எல்லாமே புதுசு. ஒரே சர்க்யூட் என்பதால் எங்கே ஒரு பைப் விட்டாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. டிஓடி 4 ஆயில் போதும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூசியைக் கம்ப்ரஸரில் ஊதாதீர்கள், ஈரத் துணியில் துடைத்தெடுங்கள்.

சாமானுக்கு: சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய ஸ்டாக் கேளுங்கள், பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ட்ரன்னியன், த்ரஸ்ட் வாஷர், சீல் போன்றவை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள், ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று தேடினால் கிடைக்கும். வரவழைப்பதற்கு முன் உங்கள் பழைய பாகத்தை வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள்.

ஃபாரம்_20:

ஆர்.சி.க்கு இரண்டு வழி. ஒன்று, சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. தகுதிச் சோதனைக்கு வண்டி ஓடும் நிலையில் போக வேண்டும், கிடைத்தால் ஐந்து வருடம். ஓட்டுவதில் கட்டுப்பாடு இல்லை. இன்னொன்று, 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், உங்களுடையது தாண்டிவிட்டது. முதல்முறை பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி 10 வருடம். ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் விஏ எழுத்து வரிசை. ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போகும் ஆசை இருந்தால் முதல் வழிதான்.

விண்டேஜ் வழியில் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் அசல் வடிவில் இருக்க வேண்டும். எனவே வேறு வண்டி இன்ஜினை மாட்டும் யோசனை யாராவது சொன்னால் தள்ளிவிடுங்கள். எந்த வழியாக இருந்தாலும், கிரைண்டர் எடுக்கும் முன்பே சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பென்சில் தேய்ப்பில் பதிவெடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, அந்த எண்கள் பொறித்த இடங்களை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். மணல் அடிக்கும் கடையில் இதைச் சொல்லாவிட்டால் எண்ணையும் சேர்த்து அடித்துவிடுவார்கள்.